திரையை யார் விலக்குவது?

கடலூரிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். மஞ்சக்குப்பம் பக்கம் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பாஸ்போர்ட் சைஸ் என்று பிழைப்பு ஓடுகிறது. நடுநடுவே தனக்காகவும் கொஞ்சம் படம் எடுப்பார். கெடிலம் ஆற்று மணல், முதுநகர்த் துறைமுகத்தின் பழைய சுவர்கள், சில்வர் பீச்சில் வலை பின்னும் பெரியவர்களின் முதுகு... நல்ல கண் அவருக்கு.

காபி ஆறும்வரை பேசாமல் இருந்தார். பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

"சார், நியூடு எடுக்கலாம்னு இருக்கேன். ஆபாசமா இல்ல சார். கோயில் சிலை மாதிரி. வெளிச்சம், நிழல், உடம்பு. அவ்வளவுதான். தப்பா சார்?"

என்ன பதிலை எதிர்பார்த்து வந்தார் என்று எனக்குத் தெரியும். 'கலைக்கு ஏது தம்பி தப்பு?' என்று நான் முதுகில் தட்ட வேண்டும். இல்லையென்றால், 'நம்ம பண்பாடு என்ன ஆகறது?' என்று அதட்ட வேண்டும். இரண்டில் எதைச் சொன்னாலும் நிம்மதியாகக் கிளம்பியிருப்பார்.

நான் கேட்டது வேறு. "மாடல் யாரு?"

"தெரிஞ்ச பொண்ணு சார். நாடகத்துல நடிக்கிறவங்க. இருபத்தாறு வயசு. ஓகேன்னு சொல்லிட்டாங்க."

"எதுக்கு ஓகே?"

தம்பி முழித்தார். நீங்களும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒருவர் 'சரி' என்று சொன்னால் எதற்குச் சரி என்கிறார்? துணி இல்லாமல் நிற்பதற்கா? அதைப் படம் எடுப்பதற்கா? அந்தப் படத்தை நீங்கள் மட்டும் பார்ப்பதற்கா, நாலு பேர் பார்ப்பதற்கா, ஊரே பார்ப்பதற்கா? இல்லை, மறுத்தால் நீங்கள் வருத்தப்படுவீர்களே என்பதற்காகச் சொன்ன சரியா?

*

முதலில் பண்பாட்டுக் கேள்வியை முடித்துவிடுவோம். அது சுலபம். ஏனென்றால் தம்பி பிறந்து வளர்ந்த அந்த மண்ணுக்கு உடம்பு புதிதில்லை.

கடலூரின் பழைய பகுதி திருப்பாதிரிப்புலியூர். ஒரு காலத்தில் அது பாடலிபுத்திரம். பெரிய சமண மடம் இருந்த ஊர். கி.பி. 458-ல் சர்வநந்தி என்ற சமண முனிவர் 'லோகவிபாகம்' என்ற நூலை எழுதி முடித்தது இங்கேதான். பிறகு திருநாவுக்கரசர் ஆன அப்பர், தருமசேனர் என்ற பெயரில் சமணராக இருந்ததும் இந்த மடத்தில்தான். அந்தத் துறவிகளில் திகம்பரர் உண்டு. திக்கு என்றால் திசை, அம்பரம் என்றால் ஆடை. திசைகளையே ஆடையாக உடுத்தவர்கள். வேறு துணி கிடையாது.

அங்கிருந்து தெற்கே பஸ் ஏறினால் சிதம்பரம். இந்தப் பெயரிலும் ஓர் அம்பரம் உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். இங்கே அதற்கு வெளி, ஆகாயம் என்று பொருள். ஆண்டாளின் திருப்பாவையில் வரும் அம்பரமோ துணி. துணிக்கும் வெட்டவெளிக்கும் ஒரே சொல்!

சிற்சபையில் ஒரு திரை தொங்குகிறது. தீட்சிதர் அதை விலக்கி தீபம் காட்டுவார். உள்ளே உருவம் எதுவும் இல்லை. வெறும் வெளி. அதில் தங்க வில்வ மாலைகள் தொங்கும். இதுதான் சிதம்பர ரகசியம். அதே தலத்தின் புராணத்தில் சிவன் தில்லை வனத்துக்குள் பிட்சாடனராக வருகிறார், ஒட்டுத் துணி இல்லாமல். ஆனியிலும் மார்கழியிலும் நடக்கும் திருவிழாக்களில் அந்தப் பிட்சாடனர் வீதியுலா வருகிறார். குடும்பத்தோடு நின்று கும்பிடுகிறோம். யாரும் குழந்தையின் கண்ணைப் பொத்துவதில்லை.

அதே மாவட்டத்தில் நேர் எதிரான ஒருவரும் இருந்தார். சிதம்பரம் பக்கத்தில் மருதூரில் பிறந்து, வடலூரில் தருமசாலை கண்ட வள்ளலார். தலை முதல் கால் வரை வெள்ளைத் துணியால் மூடிக்கொண்டு நடந்தவர். சென்னையிலிருந்து ஒரு போட்டோகிராபர் வந்து எட்டு முறை படம் எடுத்தாராம். எட்டு முறையும் வெள்ளைத் துணிதான் பதிந்ததே தவிர உடம்பு பதியவில்லை என்று பக்தர்கள் சொல்வார்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். எனக்கு அந்தக் கதையில் பிடித்த விஷயம் ஒன்றுதான். படத்தில் விழ விரும்பாத ஒருவரைக் கேமராவால்கூட எடுக்க முடியவில்லை என்று சொல்கிற கதை அது.

ஆக, மூடுவதும் திறப்பதும் இரண்டுமே நம்முடையவைதான். அப்படியானால் தப்பு எங்கே வருகிறது?

*

இன்னொரு படத்தைப் பற்றிச் சொல்கிறேன். 1890-களில் அந்தமானில் போர்ட்மன் என்று ஒரு வெள்ளைக்கார அதிகாரி இருந்தார். அந்தமான் பழங்குடி மக்களைக் கட்டம் போட்ட ஒரு பலகைக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார். எதற்கு? கட்டங்களை எண்ணினால் கை நீளம், கால் நீளம் தெரிந்துவிடும். படங்கள் லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போயின.

திகம்பரரும் ஆடை இல்லாமல் நின்றார். பலகைக்கு முன்னால் அந்த மனிதரும் ஆடை இல்லாமல் நின்றார். ஒருவர் துறந்தவர். இன்னொருவர் நிறுத்தப்பட்டவர். அவருக்கு அன்றாடம் ஆடை இல்லாமல் இருப்பது சகஜமாகவே இருந்திருக்கலாம். அதனால் அந்தப் படம் நியாயமாகிவிடுமா? கட்டம் போட்ட பலகையைக் கொண்டுவந்து வைத்தது யார் என்பதல்லவா கேள்வி?

இதை அப்படியே திருப்பியும் பார்க்கலாம். திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் தோள்சீலை அணிவதற்காகப் போராட வேண்டியிருந்தது. பல ஆண்டுகள் அடி உதை பட்ட பிறகு 1859-ல்தான் மேலாடைக்கு அரசு அனுமதி தந்தது. அங்கே மூடக்கூடாது என்றார்கள். இங்கே திறக்கக்கூடாது என்கிறார்கள். இரண்டு இடத்திலும் உடம்பு ஒருவருடையது, உத்தரவு வேறொருவருடையது.

எனவே ஒழுக்கக் கேள்வி துணியைப் பற்றியது அல்ல. கையைப் பற்றியது. திரை விலகுகிறதா என்பதைவிட, யார் கை விலக்குகிறது என்பதுதான் விஷயம்.

இதையெல்லாம் சொன்னதும் தம்பி முகம் மலர்ந்துவிட்டது. "அதான் சார்! அவங்களேதான் ஓகே சொன்னாங்க."

அவசரப்படாதீர்கள் தம்பி என்றேன்.

*

1972-ல் வெளிவந்த 'லாஸ்ட் டாங்கோ இன் பாரிஸ்' படத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இயக்குநர் பெர்டோலுச்சி. நாயகன் மார்லன் பிராண்டோ. நாயகி மரியா ஷ்னைடருக்கு அப்போது வயது 19. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்தான். ஆடையில்லாத காட்சிகள் உண்டு என்று தெரிந்து வந்தவர்தான். ஆனால் ஒரு பலாத்காரக் காட்சியில் என்ன செய்யப் போகிறோம் என்ற முக்கியமான விவரத்தை இயக்குநரும் நாயகனும் பேசி வைத்துக்கொண்டு, அவரிடம் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். நடிகையாக அல்ல, ஒரு பெண்ணாக அவர் அதிர்ந்து போவதைப் படம் பிடிக்க வேண்டுமாம். 2013-ல் பெர்டோலுச்சியே இதை ஒப்புக்கொண்டார். தான் அவமானப்படுத்தப்பட்டதாக மரியா 2007-லேயே பேட்டியில் சொல்லியிருந்தார். இயக்குநரின் வாக்குமூலம் வந்தபோது கேட்பதற்கு அவர் இல்லை. 2011-ல் இறந்துவிட்டார்.

படம் உலகப் புகழ் பெற்றது. அந்த அழுகை நிஜ அழுகை.

நூறு விஷயத்துக்குச் சரி சொன்னவர், நூற்றியொன்றாவதற்கும் சரி சொன்னதாக ஆகிவிடாது. தொழில்முறை நடிகைக்கே இதுதான் கதி என்றால், கடலூரில் ஒரு ஸ்டுடியோவில் வந்து நிற்கும் பெண்ணுக்கு?

சென்னையில் ஓவிய மாணவர்களுக்கு மாடலாக நின்ற ஓர் அம்மாவைச் சில வருஷங்களுக்கு முன் சந்தித்தேன். வயதாகிவிட்டது. எதற்கு இந்த வேலைக்கு வந்தீர்கள் என்று கேட்டதற்கு, "புள்ளைங்க ஸ்கூல் ஃபீஸு" என்றார். வெட்கமாக இருந்ததா என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன். அவர் சொன்ன பதிலை மறக்க முடியாது.

"வரையற பசங்க பாத்தா வெக்கமே இல்ல கண்ணு. அவங்க தோளைப் பாப்பாங்க, பேப்பரைப் பாப்பாங்க. அது வேலை. ஒரு நாள் வெளியாள் ஒருத்தன் கதவை ஒருக்களிச்சி எட்டிப் பாத்தான். அன்னிக்குத்தான் நான் அம்மணமா நிக்கிறேன்னே எனக்குத் தெரிஞ்சிது."

அறை அதேதான். உடம்பும் அதேதான். ஒரு கதவு திறந்தது, அவ்வளவுதான். ஒப்புக்கொண்ட கண்களுக்கு முன்னால் அவர் வேலை செய்துகொண்டிருந்தார். ஒப்புக்கொள்ளாத ஒரு கண் வந்ததும் எல்லாம் மாறிவிட்டது.

இந்த வேலையைப் பற்றி 'நியூட்' என்றே ஒரு மராத்திப் படம் வந்தது. ரவி ஜாதவ் எடுத்தது. மும்பை ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் மாடலாக நின்று மகனைப் படிக்க வைக்கும் ஒரு தாயின் கதை. 2017-ல் கோவா திரைப்பட விழாவுக்கு நடுவர்கள் தேர்ந்தெடுத்தும், மத்திய அமைச்சகம் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. 2018-ல்தான் தியேட்டருக்கு வந்தது.

நம்ம ஊரிலும் பாருங்கள். மெரினாவில் தேவிபிரசாத் ராய் சௌத்ரி செய்த உழைப்பாளர் சிலை 1959-லிருந்து நிற்கிறது. கோவணத்தோடு நாலு பேர் பாறையைப் புரட்டுகிறார்கள். அந்த நரம்பும் முதுகும் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். சிற்பியின் பெயர் பாதிப் பேருக்குத் தெரியும். எதிரே நின்று முதுகு கொடுத்தவர் பெயர்? சிதம்பரம் கோபுர வாசல்களில் 108 கரணங்கள் இருக்கின்றன. அவற்றைச் சிற்பிக்கு ஆடிக் காட்டியவர்கள் உண்டென்றால், அவர்கள் யார்?

*

தம்பி ஒரு நோட்டை எடுத்தார். "சரி சார். என்ன பண்ணணும், சொல்லுங்க."

நானும் நாலு பேரிடம் விசாரித்துத்தான் சொன்னேன். கேட்டால் ரொம்பச் சாதாரணமாக இருக்கும்.

முதலில் முழுசாகச் சொல்லிவிட வேண்டும். எத்தனை மணி நேரம், எந்த மாதிரி நிலைகள், முகம் தெரியுமா தெரியாதா, படம் எங்கே போகும் என்று எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். மாதிரிப் படங்களைக் காட்ட வேண்டும். அன்றே பதில் கேட்கக் கூடாது. ஒரு வாரமாவது யோசிக்கட்டும்.

லாட்ஜ் ரூம் வேண்டாம். உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய, ஜன்னல் மூடிய, வெளியாள் வராத இடம் வேண்டும். உதவியாளர் அவசியம் என்றால் ஒருவர், அதுவும் அவருக்குத் தெரிந்தவர். அந்தப் பெண் தனக்கு வேண்டிய ஒருவரைத் துணைக்கு அழைத்து வரலாம் என்று நீங்களே சொல்ல வேண்டும். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். மற்ற எல்லோருடைய போனும் வெளியே.

உடை மாற்றத் தனி அறை. போர்த்திக்கொள்ளப் பெரிய துண்டோ அங்கியோ கை எட்டும் தூரத்தில் எப்போதும் இருக்க வேண்டும். இடைவேளை என்றால் போர்த்திக்கொண்டுதான் இடைவேளை. ஏ.சி.யை உங்கள் சட்டைக்கு ஏற்ப வைக்காதீர்கள், அவருடைய சருமத்துக்கு ஏற்ப வையுங்கள். இறுக்கமான உடையின் தடம் தோலில் மறைய நேரம் ஆகும். அதனால் தளர்வான உடையில் வரச் சொல்லுங்கள். சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். தண்ணீர் வைத்திருங்கள்.

அடுத்தது, தொடக் கூடாது. இதைச் சொன்னபோது தம்பிக்குத் தூக்கிவாரிப்போட்டது. நம்ம ஊர் ஸ்டுடியோக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டே! கல்யாணப் பெண்ணின் தாடையைப் பிடித்து, "கொஞ்சம் இப்படித் திரும்புங்கம்மா" என்று திருப்பிவிடுவார்கள். யாரும் எதுவும் நினைப்பதில்லை. அந்தக் கை இங்கே வேலைக்கு ஆகாது. எப்படி நிற்க வேண்டுமோ அதை நீங்கள் நின்று காட்டுங்கள். வாயால் சொல்லுங்கள்.

பணத்தை முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும். பாதியில் போய்விட்டாலும் திருப்பிக் கேட்கக் கூடாது. கடைசியில்தான் பணம் என்றால், பாதியில் 'போதும்' என்று சொல்ல நினைப்பவர் வாடகையை நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்து நிற்பார். அந்தச் சரிக்கு மதிப்பு கிடையாது.

எடுத்த படங்களை முதலில் அவர் பார்க்க வேண்டும். வேண்டாம் என்றவற்றை அவர் கண் எதிரிலேயே அழிக்க வேண்டும்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். நிர்வாணம் எல்லாம் ஆபாசம் என்று நம் உச்ச நீதிமன்றம் சொல்லவில்லை. டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கரும் அவர் மணக்கவிருந்த பார்பராவும் ஆடையின்றி இருந்த ஒரு படத்தை 1993-ல் ஒரு கல்கத்தாப் பத்திரிகை மறுபிரசுரம் செய்து வழக்கில் மாட்டியது. நிறவெறிக்கு எதிரான படம் அது. எடுத்தவர் யார் தெரியுமா? பார்பராவின் அப்பா. 2014-ல் தீர்ப்பு வந்தது, ஆபாசம் இல்லை என்று. படம் எடுத்து இருபது வருஷத்துக்குப் பிறகு!

ஆனால் இன்னொரு சட்டம் உண்டு. 2013-ல் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்தது. 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவு. ஒரு பெண் படம் எடுக்கச் சம்மதித்திருந்தாலும், அதை மற்றவருக்குக் காட்டச் சம்மதிக்கவில்லை என்றால், பரப்புவது குற்றம். எடுப்பதற்கு ஒரு சரி, காட்டுவதற்குத் தனியாக ஒரு சரி. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் எந்தச் சரியும் செல்லாது.

*

எழுதிக்கொண்டே வந்த தம்பி பேனாவை வைத்துவிட்டார். கொஞ்சம் கோபம்.

"சார், இவ்வளவு ரூல்ஸ் போட்டா கலை எங்க சார் வரும்? அவங்க வயசுக்கு வந்தவங்க. படிச்சவங்க. சரின்னாங்க. அதுக்கு மேல நான் எதுக்கு அவங்களுக்கு அப்பா மாதிரி யோசிக்கணும்?"

நியாயமான கேள்வி. அந்தப் பெண்ணுக்குப் பதிலாக நாம் யோசிப்பதும் ஒருவகையில் அவர் கையிலிருந்து திரையைப் பிடுங்குவதுதான்.

ஆனால் ஒன்று கேட்டேன். "தம்பி, படம் நல்லா வந்தா உங்களுக்கு என்ன கிடைக்கும்?"

"பேர் சார். கண்காட்சி."

"தப்பாப் போனா?"

"கொஞ்ச நாள் திட்டுவாங்க."

"அவங்களுக்கு?"

பதில் வரவில்லை. கடலூர் பெரிய ஊர்தான், ஆனால் அவ்வளவு பெரிய ஊர் இல்லை. காய்கறிக் கடைக்காரருக்கு அவரைத் தெரியும். வீட்டுக்காரருக்குத் தெரியும். ஓவியம் என்றால் முகத்தை மாற்றிவிடலாம். கேமரா மாற்றாது. லாபம் வந்தால் இவருக்கு அதிகம், நஷ்டம் வந்தால் அவருக்கு அதிகம். இப்படி எடை ஏறுமாறாக இருக்கும் இடத்தில், லேசான தட்டில் இருப்பவர் கூடுதலாகச் சுமக்க வேண்டும். இதற்கு அப்பாவாக இருக்க வேண்டியதில்லை. எடை பார்க்கத் தெரிந்தால் போதும்.

எனக்கே பிடிபடாத ஒரு சிக்கலும் உண்டு. ஐந்து வருஷம் கழித்து அந்தப் பெண் வந்து, "அண்ணா, அந்தப் படத்தை எடுத்துடுங்க" என்றால்? அன்று சரி சொன்னவரும் அவர்தான், இன்று வேண்டாம் என்பவரும் அவர்தான். தம்பியின் உழைப்பும் அதில் இருக்கிறது. அச்சில் போனதைத் திரும்ப அழைக்க முடியாது. ஆனால் இன்னும் தன் கையில் இருப்பதை நிறுத்தலாம் இல்லையா? நிறுத்த வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். அதில் தம்பிக்கு அநியாயம் கொஞ்சம் இருக்கிறது என்பதும் தெரிகிறது.

*

இவ்வளவு பேசுகிற நான் யோக்கியமா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை.

சிதம்பரத்தில் எனக்கு ஓர் அத்தை. பல வருஷங்களுக்கு முன் ஒரு சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து தன் இளவயதுக் கதை ஒன்றைச் சொன்னாள். நான் அதை எழுதிவிட்டேன். பெயர் போடவில்லை. ஆனால் வீதி இருந்தது, வீட்டின் அடையாளம் இருந்தது, மாமாவின் உத்தியோகம் இருந்தது. வாசகர் கடிதங்கள் ஏராளம். பிறகு புத்தகத்திலும் சேர்ந்தது. கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. அன்போடுதானே எழுதினேன்!

என்ன கதை என்று இங்கே மறுபடி சொல்லப் போவதில்லை. ஒரு தடவை செய்த தப்பு போதும்.

அத்தை படித்தாள். "நன்னாதான் எழுதியிருக்கே" என்றாள். அதற்குப் பிறகு எப்போது போனாலும் காபி கிடைக்கும், சாப்பாடு கிடைக்கும். கதை கிடைக்காது. திண்ணையில் என் பக்கத்தில் உட்காருவதையும் நிறுத்திவிட்டாள். எனக்கு இதன் அர்த்தம் புரிய, கடலூர்த் தம்பி வந்து தப்பா சரியா என்று கேட்க வேண்டியிருந்தது. போட்டோகிராபருக்குக் கேமரா என்றால் எனக்குப் பேனா. கதவை ஒருக்களித்து எட்டிப் பார்த்த ஆளும் நான்தான்.

இரண்டு மாதம் கழித்துத் தம்பி போன் செய்தார். எல்லாம் சொன்னபடி செய்தாராம். அந்தப் பெண் அக்காவைத் துணைக்கு அழைத்து வந்தாராம். முகம் வேண்டாம் என்றாராம். நாற்பது நிமிஷம் போயிருக்கும். வெளிச்சம் அருமையாக விழுந்துகொண்டிருந்த நேரம் பார்த்து, "போதும்ணா" என்றாராம்.

"நிறுத்திட்டீங்களா?"

"லென்ஸ் மூடியப் போட்டுட்டேன் சார். வயித்தெரிச்சல்தான். அந்த வெளிச்சம் திரும்பக் கிடைக்காது. ஆனா ஒண்ணு சார். அவங்க போதும்னு சொன்ன அப்புறந்தான் முதல்ல சொன்ன ஓகேயை நான் நம்பினேன்."

இதை எழுதலாமா என்று இருவரிடமும் கேட்டேன். சில அடையாளங்களை மாற்றச் சொன்னார்கள். மாற்றியிருக்கிறேன்.

போன மாதம் சிதம்பரம் போயிருந்தேன். அத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது. புத்தகம் மறுபதிப்பு வருகிறது, அந்தக் கட்டுரையை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசாக ஒரு தடவை படித்தாள்.

"இருக்கட்டும்டா. இந்த ஒரு வரியை மட்டும் எடுத்துடு" என்று விரலை வைத்துக் காட்டினாள்.

எடுத்துவிட்டேன். எந்த வரி என்று கேட்காதீர்கள்.